ஆயிரம் அழைப்பிதழ், அறுநூறு இலை: சம்பள நாளில் சர்வர் நின்ற கதை

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் சர்வர் பார்த்துக்கொள்வது என் வேலை. பதவியின் பெயர் சிஸ்டம் அட்மின். நடைமுறையில், பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் எனக்குத்தான் போன் வரும். கூட ஒரு தம்பி இருக்கிறான். இந்தக் கதை நடந்தபோது அவன் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. 2024இல் ஒரு சனிக்கிழமை எங்கள் சர்வரில் இடம் தீர்ந்துபோனது. டிஸ்க் கெட்டுப்போகவில்லை, வைரஸ் வரவில்லை. 1,635 ஜிபி இடத்தை வைத்துக்கொண்டு 3,100 ஜிபி வரை எழுதிக் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான்.

இதில் மோசடி ஏதும் இல்லை. கல்யாணத்துக்கு ஆயிரம் பத்திரிகை அடித்தால் யாரும் ஆயிரம் இலைக்கு உலை வைப்பதில்லை. அன்றைக்கு வேறு எத்தனை முகூர்த்தம், மாப்பிள்ளை வீட்டார் எந்த ஊர், மழைக்காலமா என்றெல்லாம் பார்த்து, "அறுநூறு இலை போதுங்க" என்பார் சமையல்காரர். தின் ப்ரொவிஷனிங் என்பது இதேதான். ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினிகள் போல ஓடுபவை விஎம்கள். அப்படி ஒரு விஎம்முக்கு 500 ஜிபி டிஸ்க் கொடுத்தால், உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு 500 தெரியும். வெளியே பூலில், அதாவது எல்லா விஎம்களுக்கும் பொதுவான இடத்தில் இருந்து போவது அது உண்மையில் எழுதிய அளவு மட்டுமே. 80 எழுதியிருந்தால் 80 போகும். திக் என்றால் முதல் நாளே 500ஐயும் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். என் முந்தைய வேலையில் எல்லாமே திக்தான். பாதுகாப்பானது, ஆனால் முக்கால்வாசி இடம் வெறும் பூஜ்யமாகக் கிடக்கும். அதற்கும் சேர்த்துப் பணம் கொடுத்திருப்போம்.

நாங்களும் முதலில் விஎம்களை ஓட்டும் மென்பொருளான விஎம்வேரில்தான் இருந்தோம். 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் அதை வாங்கி முடித்தது. டிசம்பரில் நிரந்தர உரிமம் விற்பது நின்று சந்தா மட்டும் என்று ஆனது. எங்கள் அளவுள்ள பல இடங்களைப் போல நாங்களும் அதே வேலையைச் செய்யும் ப்ராக்ஸ்மாக்ஸுக்கு வந்தோம். புது சர்வரில் 1.92 டிபி எஸ்எஸ்டி இரண்டு, ஒன்றின் நகல் மற்றதில். டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவார்கள், சிஸ்டம் 1,024ஆக எண்ணும். ஆகவே அது உள்ளே 1,788 ஜிபி. அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் நிறுவும்போதே தன் ரூட்டுக்கு (தன் சொந்தக் கோப்புகளுக்கு) 96, ஸ்வாப்புக்கு (ரேமுக்குத் துணையாக) 8, தின் பூலின் மெட்டாடேட்டாவுக்கு (எது எங்கே என்ற கணக்குக்கு) 16, அதற்கு மாற்றாக இன்னொரு 16, எதிலும் சேர்க்காமல் ஓரமாக 16 என்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத் தின் பூலாக்கியது. ஓரமாக வைத்த அந்த 16 ஜிபி அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் எவருக்காவது கொடுத்திருப்பேன்.

விஎம்களுக்குக் கொடுத்தது இப்படி: கம்பெனி நிர்வாக மென்பொருளான ஈஆர்பிக்கு 750, கணக்கு எழுதும் டேலிக்கு 200, டிசைன் கோப்புகள் இருக்கும் ஃபைல் சர்வருக்கு 1,000, கைரேகை வருகைப் பதிவுக்கு 100, மெயில் வாங்கி அனுப்புவதற்கு 150, கண்காணிப்புக்கு 100. மொத்தம் 2,300. உண்மையில் எழுதப்பட்டிருந்தது பூலில் 62 சதவீதம். மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை சதவீதம் ஏறும். இரண்டு வருடம் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் தப்பில்லை.

புதுக் கட்டடத்தில் எட்டு கேமரா போட்டார்கள். பதிவுப் பெட்டி வர இரண்டு வாரம் ஆகும், அதுவரை "உங்க சர்வர்ல ஒரு விஎம் போட்டுக் கொடுங்க சார், டெம்பரரிதான்" என்றார் காண்ட்ராக்டரின் ஆள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை விண்டோஸ் விஎம் ஒன்று உருவாக்கி 800 ஜிபி டிஸ்க் கொடுத்தேன். தின் தானே, எழுதுகிற அளவுக்குத்தானே போகும் என்ற தைரியம். டெம்பரரி என்ற சொல்லைச் சர்வர் அறை வாசலிலேயே செருப்போடு விட்டுவிட வேண்டும் என்பது இன்றைய என் கொள்கை. அன்று அது இல்லை.

கேமரா பதிவு மற்ற வேலைகளைப் போன்றதல்ல. ஈஆர்பிக்கு 750 ஜிபி கொடுத்தால் அதை நிரப்ப வருடங்கள் ஆகும். கேமரா மென்பொருள் கொடுத்த டிஸ்க்கை முழுக்க நிரப்பும். நிரம்பிய பிறகுதான் பழையதை அழித்து அதன்மேல் எழுதத் தொடங்கும். அது அப்படித்தான் வேலை செய்ய வேண்டும். பத்திரிகை வைத்தால் குடும்பம், அக்கம்பக்கம், வேன் சகிதம் நிச்சயமாக வந்து இறங்கும் விருந்தாளி. அவருக்குத் தின் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. எட்டு கேமரா, ஒன்றுக்கு நொடிக்கு ஒரு மெகாபிட் என்றால் மொத்தம் நொடிக்கு ஒரு மெகாபைட். நாளுக்கு 86,400 நொடி. அதாவது 86 ஜிபி சொச்சம். இந்தப் பெருக்கலை வெள்ளிக்கிழமை மாலை போட்டிருந்தால் டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

எங்கள் பூலில் ஐந்து சதவீதம் என்பது 82 ஜிபி. ஆகவே ஒரு நாளைக்கு ஐந்து சதவீதம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. டிஸ்க் இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் எல்விஎம்மின் பின்னணிச் செயலி 80 சதவீதத்தில் ஒரு எச்சரிக்கை எழுதும், பிறகு ஒவ்வொரு ஐந்துக்கும் ஒன்று. பிற்பாடு லாகைத் திறந்து பார்த்தபோது செவ்வாய் 80, புதன் 85, வியாழன் 90, வெள்ளி 95 என்று பால்காரர் மாதிரி தினமும் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போயிருந்தது. போதாக்குறைக்கு, கேமரா டிஸ்க்கை உருவாக்கிய அன்றே திரையில் சொல்லியிருக்கிறது: எல்லா வால்யூம்களின் (பூலிலிருந்து கொடுத்த டிஸ்க்குகளின்) கூட்டுத்தொகை பூலின் அளவைத் தாண்டுகிறது, தானாகப் பெரிதாகும் பாதுகாப்பை நீங்கள் இயக்கவில்லை என்று. அந்த வரிகளை நான் அதற்கு முன்பும் பல முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு டிஸ்க் உருவாக்கும்போதும் வரும். தினமும் வருகிற எச்சரிக்கை கொஞ்ச நாளில் சுவரின் நிறமாகிவிடுகிறது.

சனிக்கிழமை எங்கள் ஊரில் சம்பள நாள். தையல், அயர்னிங், பேக்கிங் எல்லாருக்கும் வாரக் கூலி. காலையில் வருகைப் பதிவிலிருந்து மணிக்கணக்கு ஈஆர்பிக்குப் போகும், பகலில் கூலிப் பட்டியல் அச்சாகும், மாலையில் கவர். பன்னிரண்டு மணி வாக்கில் அக்கவுண்ட்ஸ் அண்ணன் போனில் வந்தார். "ஏனுங்க தம்பி, ஈஆர்பி வட்டம் சுத்தீட்டே இருக்குதுங்க. பட்டியல் பாதியில நிக்குது."

ப்ராக்ஸ்மாக்ஸ் திரையில் ஈஆர்பி, கேமரா, ஃபைல் சர்வர் மூன்றின் மேலும் மஞ்சள் முக்கோணம். நிலை: ஐஓ எரர், அதாவது டிஸ்க்கில் படிப்பதிலோ எழுதுவதிலோ பிழை. டேலியும் வருகைப் பதிவும் ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தன. இதுதான் என்னைக் குழப்பியது. டிஸ்க் போய்விட்டது என்றால் எல்லாமே நின்றிருக்க வேண்டுமே? ஒரு டிஸ்க்கின் நகலை மற்றதில் வைக்கும் ரெய்டு கார்டைப் பார்த்தேன், இரண்டு எஸ்எஸ்டியும் நலம். ஹோஸ்டில், அதாவது விஎம்களைச் சுமக்கும் சர்வரில், காலி இடம் காட்டும் டிஎஃப் கட்டளையைப் போட்டேன், ரூட்டில் 80 ஜிபி காலி. இடம் இருக்கிறதே என்று ஐந்து நிமிடம் வேறு எங்கெங்கோ தேடினேன். டிஎஃப் தின் பூலைக் காட்டாது. அது ஏற்றியிருக்கும் கோப்பு முறைமைகளை மட்டுமே காட்டும். பூலைப் பார்க்க எல்விஎஸ் என்ற கட்டளை போட வேண்டும். போட்டேன். டேட்டா என்ற பத்தியில் 100.00.

பாதி விஎம்கள் ஓடியதற்கான காரணம் பிறகுதான் உறைத்தது. ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் மீண்டும் எழுதப் புது இடம் தேவையில்லை. புது இடம் கேட்டவர்கள் மட்டுமே நின்றார்கள். பூல் நிறைந்தவுடன், ப்ராக்ஸ்மாக்ஸுக்கு அடியில் இருக்கும் லினக்ஸ் கெர்னல் அந்த எழுதும் வேலைகளை 60 நொடி வரிசையில் நிறுத்தி வைக்கும், யாராவது இடம் சேர்ப்பார்கள் என்று. சேர்க்காவிட்டால் "இடமில்லை" என்று பிழை திருப்பும். அந்தப் பிழையைக் கண்டால், விஎம்மை ஓட்டும் க்யூஎமு அதை அப்படியே உறைய வைத்துவிடும். பிழையை உள்ளே விண்டோஸுக்குச் சொல்லாது. இது பெரிய வரம். உள்ளே இருக்கும் டேட்டாபேஸுக்கு எதுவும் நடந்ததே தெரியாது. இடம் கிடைத்து எழுப்பினால் பாதியில் நின்றதையே திரும்ப எழுத முயலும். அப்படி நிற்கும் விஎம்மைப் பதற்றத்தில் ரீசெட் செய்வதுதான் உண்மையான சேதத்தை உண்டாக்கும். நான் ரீசெட் பொத்தானுக்குப் பக்கத்தில் விரலை வைத்துவிட்டேன்.

தம்பிதான் தடுத்தான். "அண்ணா, இருங்க. ரீசெட் பண்ணி எந்திரிச்சு வந்தாலும் எழுத இடம் ஏது? மொதல்ல கேமராவ நிறுத்தீருங்க. இடம் கொடுத்தாலும் அதுதான் திங்கும்." எட்டு மாத அனுபவம். நிறுத்தினோம். அதன் பிறகு வால்யூம் குரூப்பில், அதாவது பூலும் அடங்கிய மொத்த டிஸ்க் இடத்தில், எங்காவது மிச்சம் ஒட்டியிருக்கிறதா என்று விஜிஎஸ் கட்டளை போட்டுப் பார்த்தபோது, காலி என்ற பத்தியில் 16 ஜிபி. நிறுவும்போது தானாக ஓரம் கட்டப்பட்டது. அதிலிருந்து 15ஐ எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையால் பூலோடு சேர்த்தேன். 100 என்பது 99.1 ஆனது. ஈஆர்பியை மட்டும் ரெஸ்யூம் கொடுத்தேன். வட்டம் சுற்றுவது நின்றது. ஃபைல் சர்வரை வேண்டுமென்றே உறக்கத்திலேயே விட்டுவைத்தேன். அந்த 15 ஜிபியை யாராவது பிரிண்டிங் டிசைன்களைக் காப்பி செய்தே தீர்த்துவிடக் கூடும்.

உடனே எல்லாம் சரியாகவில்லை. நாற்பது நிமிடம் உறைந்து கிடந்ததால் ஈஆர்பியின் கடிகாரம் அவ்வளவு பின்தங்கியிருந்தது. அலுவலகம் முழுவதற்கும் பொதுவான டொமைன் லாகினில் இயல்பாக ஐந்து நிமிடத்துக்கு மேல் நேர வித்தியாசம் இருந்தால் உள்ளே விடாது. "பாஸ்வேர்டு தப்புங்குதுங்க" என்று நான்கு பேர் போன் செய்தார்கள். நேரத்தைச் சரிசெய்ததும் அது தீர்ந்தது. கூலிப் பட்டியல் ஓடி முடிந்த பிறகு டேட்டாபேஸை முழுச் சோதனைக்கு விட்டேன். பிழை எதுவும் வரவில்லை.

கேமரா டிஸ்க்கை என்ன செய்வது? அழித்தால் ஒரே நொடியில் 620 ஜிபி திரும்பும். ஆனால் அதில் இருப்பது ஒரு வாரப் பதிவு. சர்வர் என்னுடைய பொறுப்பு, பதிவு என்னுடையது அல்ல. மேனேஜருக்காகக் காத்திருந்தேன். வந்தவர், "இந்த வாரம் ஒண்ணும் நடக்கலையே, எடுத்துருங்க" என்றார். அதை ஒரு வரி மெயிலாகவும் வாங்கிக்கொண்டேன். அழித்தவுடன் பூல் 61க்கு இறங்கியது. ஃபைல் சர்வரை எழுப்பினேன். மாலை கவர் வாங்க வரிசையில் நின்றவர்களுக்கு எதுவும் தெரியாது.

திங்கட்கிழமை உட்கார்ந்து முழுப் பூலையும் வால்யூம் வால்யூமாகப் பார்த்தேன். ஃபைல் சர்வர் பூலில் 700 ஜிபி பிடித்திருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் கோப்புகள் 390 ஜிபிதான். 310 எங்கே? அழித்த கோப்புகள். ஒரு கோப்பை உள்ளே அழித்தால், "இந்த இடம் இனி வேண்டாம்" என்று கோப்பு முறைமை தன் குறிப்பேட்டில் மட்டுமே அடிக்கும். கீழே இருக்கும் பூலுக்கு அது தெரியாது. தெரிவிக்கும் வழிக்கு டிஸ்கார்டு என்று பெயர். விஎம்மின் டிஸ்க் அமைப்பில் டிஸ்கார்டு என்ற கட்டத்தை டிக் செய்ய வேண்டும். நான் விஎம்வேரிலிருந்து கொண்டுவந்த எதிலும் செய்யவில்லை. டிக் செய்து, விஎம்மை முழுதாக அணைத்து, மீண்டும் இயக்க வேண்டும். உள்ளிருந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் புது அமைப்பு ஏறாது. இதில் ஒரு மணி நேரம் போனது. பிறகு லினக்ஸ் என்றால் உள்ளே எஃப்எஸ்டிரிம் என்ற கட்டளையை ஒரு முறை ஓட்டினால் போதும். விண்டோஸ் என்றால் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ். ஓட்டி முடித்தபோது பூல் 61இலிருந்து 43க்கு இறங்கியது. ஒரு ரூபாய் செலவில்லாமல் 300 ஜிபி. இப்போது லினக்ஸ் விஎம்களில் வாராந்திர டிரிம் டைமர் ஓடுகிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விஎம்மின் ஒரு நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் இருந்தால் டிரிம் ஓட்டினாலும் இடம் திரும்பாது. பழைய நிலையைக் காக்க அந்த இடங்களை ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்திருக்கும். டேலி விஎம்மில் "அப்டேட்டுக்கு முன்" என்ற பெயரில் ஒன்று நான்கு மாதமாக இருந்தது. எடுத்தது நான். விஎம்வேர் காலத்தில் இதைவிட மோசமான ஒன்றைப் பார்த்திருக்கிறேன்: ஐந்து மாதம் மறந்துபோன ஸ்னாப்ஷாட்டின் டெல்டா கோப்பு (அதன்பின் வந்த மாற்றங்கள் சேர்வது) தாய் டிஸ்க்கின் அளவுக்கே வளர்ந்து, ஒன்றுசேர்க்க ஒரு முழு இரவு பிடித்தது. 72 மணி நேரத்துக்கு மேல் ஒரே ஸ்னாப்ஷாட்டை வைத்திருக்காதீர்கள் என்பது விஎம்வேரின் சொந்த அறிவுரை. நான் இப்போது ஸ்னாப்ஷாட்டின் பெயரிலேயே அழிக்க வேண்டிய தேதியை எழுதுகிறேன்.

விஎம்வேர் பேச்சு வந்ததால் இன்னொன்று. அங்கே விஎம்மை இயக்கும்போதெல்லாம் அதன் ரேம் அளவுக்கு ஒரு ஸ்வாப் கோப்பு, விஎம் டிஸ்க்குகள் இருக்கும் டேட்டாஸ்டோரில் உருவாகும். முந்தைய வேலையில், ஓடிக்கொண்டிருந்த ஒரு விஎம்மை அணைத்து ரேமை 16இலிருந்து 64 ஆக்கினேன். திரும்ப எழவில்லை. டேட்டாஸ்டோரில் காலியாக இருந்தது 40. டிஸ்க் எதையும் தொடாமல் டிஸ்க் இடம் போதாமல் போன விந்தை. அந்த விஎம்முக்கு ரேம் முழுவதையும் ரிசர்வ் செய்துவிட்டால் ஸ்வாப் கோப்பின் அளவு பூஜ்யமாகிவிடும் என்று ஒரு மூத்தவர் போனில் சொல்லித் தப்பித்தேன். அவரிடம் அன்று வாங்கிய வசவு தனிக் கட்டுரைக்கு வரும்.

அந்தக் கேமராவுக்கு என்ன ஆனது என்றால், பதிவுப் பெட்டி வரவே இல்லை, எதிர்பார்த்ததுதான். 4 டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கி, மிரர் செய்து, அதே சர்வரில் தனி இடமாக்கினேன். 1,024 கணக்கில் அது 3.64 டிபி. தொடர்ச்சியாக எழுதிக்கொண்டே போகிற வேலைக்கு ஹார்டு டிஸ்க் தாராளமாகப் போதும். அங்கங்கே துண்டு துண்டாகத் தேடி எழுதுகிற டேட்டாபேஸ் என்றால் கதை வேறு. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் டிஸ்க் நொடிக்கு நூறு தடவை தலையை நகர்த்துவதே பெரிது. வால்யூம் கேட்கிறவர்கள் எல்லாரும் ஜிபியை மட்டுமே கேட்பார்கள், வேகத்தைக் கேட்பதில்லை. நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

முப்பது நாள் பதிவுக்கு 2.6 டிபி வேண்டும். 3 கொடுத்தேன், இந்த முறை தின் இல்லை, முழுதாக. காண்ட்ராக்டரின் ஆள் வந்து உள்ளே டிஸ்க்கைத் தயார் செய்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் பார்த்தால் 2 டிபிதான் டிரைவாகியிருக்கிறது, மிச்சம் தொட முடியாத கறுப்புப் பட்டையாக நிற்கிறது. டிஸ்க்கை எம்பிஆர் முறையில் தொடங்கியிருக்கிறார். டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் அந்தப் பழைய பகிர்வு முறைக்கு 2 டிபிக்கு மேல் எண்ணத் தெரியாது. புதிய முறையான ஜிபிடிக்கு மாற்றி முதலிலிருந்து. மறுபடியும் ஒரு வாரப் பதிவு போனது, மறுபடியும் ஒரு வரி மெயில்.

டிஸ்க் கொடுக்கும்போது இப்போது நான் கடைப்பிடிப்பவை சில உண்டு. எல்லாம் பட்ட பிறகு வந்தவை.

ஒரு விஎம்முக்கு ஒரே பெரிய டிஸ்க் கொடுப்பதில்லை. ஓஎஸ் ஒன்று, டேட்டா ஒன்று. விண்டோஸ் பல சமயம் சி டிரைவுக்கு வலது பக்கத்தில் ஒரு ரிகவரி பகுதியை வைத்துக்கொள்ளும். வெளியே டிஸ்க்கைப் பெரிதாக்கினால் புது இடம் அதற்கும் அப்பால் போய் விழும். சி டிரைவை நீட்ட முடியாது, "எக்ஸ்டெண்ட்" மங்கிக் கிடக்கும். டேட்டா தனி டிஸ்க்காக இருந்தால் இந்த வம்பே இல்லை. லினக்ஸிலும் டேட்டா டிஸ்க்குக்குப் பகிர்வு போடுவதை நிறுத்திவிட்டேன். முழு டிஸ்க்கையும் அப்படியே எல்விஎம்முக்குக் கொடுத்தால், பின்னால் நீட்டும்போது வெளியே டிஸ்க்கைப் பெரிதாக்கு, உள்ளே பிவிரீசைஸ், எல்விஎக்ஸ்டெண்ட் என்று இரண்டு கட்டளை, அவ்வளவுதான். விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். பகிர்வு இருந்தால் நடுவில் ஒரு படி கூடும், அந்தப் படியில்தான் கை நடுங்கும்.

எப்போதும் குறைவாகக் கொடு, பிறகு கூட்டு. கூட்டுவது ஐந்து நிமிட வேலை. குறைப்பது கிட்டத்தட்ட இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்: எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையை நடைமுறையில் சுருக்க முடியாது, ப்ராக்ஸ்மாக்ஸ் திரையில் டிஸ்க்கைக் குறைக்கப் பொத்தானே கிடையாது, தின் பூலையே பிறகு சின்னதாக்க முடியாது. ஃபைல் சர்வருக்குக் கொடுத்த அந்த 1,000 இன்னும் 1,000ஆகவே நிற்கிறது.

பூலைச் சுருக்க முடியாது என்பதால்தான் இரண்டாவது சர்வரை நிறுவும்போது பூலின் உச்ச அளவைக் குறைத்துக் கொடுத்து, வால்யூம் குரூப்பில் 150 ஜிபியை யாருக்கும் தராமல் விட்டேன். நல்ல சமையல்காரர் அறுநூறு இலைக்கு உலை வைத்தாலும் பின்கட்டில் இரண்டு மூட்டை அரிசியைப் பிரிக்காமல் வைத்திருப்பார், அதுபோல. எல்விஎம்மின் தானாகப் பெரிதாகும் வசதி இயல்பில் அணைந்திருக்கும். அது தொடங்கும் வாசலை 80 சதவீதம் என்றும், ஒவ்வொரு முறையும் கூட்டுவது 5 சதவீதம் என்றும் மாற்றினேன். மூட்டை காலியாக இருந்தால் இந்த வசதி இருந்தும் பயனில்லை. பலர் அமைப்பை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

எல்விஎஸ்ஸில் டேட்டா பத்திக்குப் பக்கத்தில் மெட்டா என்று இன்னொன்று இருக்கும். எந்த வால்யூமின் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற கணக்குப் புத்தகம் அது. ப்ராக்ஸ்மாக்ஸ் தானாக அமைக்கும்போது தாராளமாக வைக்கும். கையால் பூல் உருவாக்கினால் சில சமயம் சின்னதாக அமைந்துவிடும். டேட்டா நிறைந்தால் வேலை நிற்கும், இடம் கொடுத்தால் தொடரும். மெட்டா நிறைந்தால் பூலைப் பழுதுபார்க்கும் கருவியோடு உட்கார வேண்டிவரும். இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

கண்காணிப்பைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்களிடம் அது இருந்தது. ஒவ்வொரு விஎம்முக்குள்ளும் எத்தனை சதவீதம் காலி என்று அழகாகப் பச்சைக் கோடு வரைந்துகொண்டிருந்தது. அன்றும் எல்லாம் பச்சை. உள்ளே இருந்து பார்த்தால் எல்லாருக்கும் நிறைய இடம் இருந்ததே. பூலை அது பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் அதுவும் அதே பூலின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. சனிக்கிழமை பன்னிரண்டே காலுக்கு அதுவும் புது இடம் கேட்டு உறைந்துபோனது. இப்போது அது பழைய டெஸ்க்டாப் ஒன்றில், டீ மேசைக்குக் கீழே ஓடுகிறது. பூல் 75 தாண்டினால் என் போனுக்கும் தம்பியின் போனுக்கும் செய்தி. அதைவிட உபயோகமானது தம்பி சேர்த்த இன்னொரு விதி: எந்த அளவில் இருந்தாலும் சரி, ஒரே நாளில் இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறினால் செய்தி. கேமராவை அது முதல் நாளே பிடித்திருக்கும்.

இடம் கேட்டு வருகிறவர்களிடம் எவ்வளவு வேண்டும் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் "ஒரு டிபி போட்டு வெய்யுங்க" என்பார்கள். உலகில் எல்லாருடைய தேவையும் ஒரு டிபிதான். இப்போது எவ்வளவு இருக்கிறது, மாதம் எவ்வளவு கூடுகிறது, பழையதை எப்போது அழிப்பீர்கள் என்று மூன்று கேள்வி. போன மாதம் மெர்ச்சண்டைசிங்கில் இருந்து ஒரு அக்கா வந்து, சாம்பிள் போட்டோக்களுக்கு 2 டிபி கேட்டார். உட்கார்ந்து எண்ணினோம். நான்கு சீசன் போட்டோ சேர்ந்து 140 ஜிபி. 200 கொடுத்தேன். அழிப்பது எப்போது என்று கேட்டதற்கு, "அழிக்கிறதுன்னா? பையர் எப்ப வேணாலும் கேப்பாங்க தம்பி" என்றார். அந்தப் பதிலையும் விஎம்மின் குறிப்புக் கட்டத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலைகளில், கூலிப் பட்டியல் ஓடுவதற்கு முன், எல்விஎஸ் போட்டு வரும் எண்ணை நோட்டில் எழுதுவது பழக்கமாகிவிட்டது. போனுக்குச் செய்தி வரும் என்றாலும் கையால். போன வாரம் 57.92. இன்று 58.41.